பட்டா பிறந்த ஊர்

ஒகேனக்கல் போகிறவர்கள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுகிறார்கள். நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தே ஓய்வு பெற்ற எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. தமிழ்நாட்டில் எந்தக் குடியானவர் வீட்டுப் பெட்டியைக் கிளறினாலும் அடியில் ஒரு பட்டா இருக்கும். அந்த ஏற்பாடு முளைவிட்டது இந்தச் சீமையில்தான்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமைகளில், தர்மபுரி அடங்கிய பாராமகாலும் ஒன்று. அதன் நிர்வாகத்தை அலெக்சாண்டர் ரீட் என்ற பட்டாளத்து அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் பிறந்தவர், அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1799 வரை இங்கே இருந்தார். தர்மபுரியில் தோட்டம் போட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களோடு கணக்குப் பேசினார். பிறகு கன்னடக் கரைக்கு மாற்றலாகிப் போனவர், இந்தச் சீமையை நினைத்து ஏங்கி வீட்டுக்குக் கடிதம் எழுதினார். மாற்றல் உத்தரவு வாங்கிய எந்த அரசு ஊழியருக்கும் அந்த ஏக்கம் புரியும்!

அதுவரை வரி என்பது பெரும்பாலும் குத்தகைக்காரன் கையில் இருந்தது. ஊரையே மொத்தமாக எடுத்தவன் கீழே இருப்பவனிடம் எவ்வளவு கறந்தான் என்று யாரும் கேட்பதில்லை. ரீட்டும் மன்றோவும் வயல் வயலாக அளக்கச் சொன்னார்கள். நஞ்சை எது, புஞ்சை எது, மண் எப்படி என்று பார்த்துத் தீர்வை போட்டு, ஒற்றை ஏர் வைத்திருப்பவனுக்கும் அவன் பேரிலேயே சர்க்காரோடு கணக்கு. நடுவில் ஆள் கிடையாது. இதுதான் ரயத்துவாரி. இவர்கள் போன பிறகு, வங்காளத்து ஜமீன் முறையைப் பார்த்து இந்தப் பக்கத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்துப் போனார்கள். 1820இல் மன்றோ சென்னை கவர்னராக வந்ததும் ரயத்துவாரிக்கே மாகாணத்தின் பெரும்பகுதியைத் திருப்பினார்.

மன்றோவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. கும்பெனியின் கஜானாதான் அவருக்கும் முதல் கணக்கு. தீர்வை கடுமையாகவே இருந்தது. நிலமில்லாமல் கூலிக்கு உழைத்தவனுக்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. ஆனாலும் வேலை நேர்த்தி என்று ஒன்று இருக்கிறதே. அந்த வழியில் வந்த என் வேலையில் ஒரு காட்சி: நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு புஞ்சையில் வரப்புத் தகராறு. எல்லைக் கல்லைக் காணோம். "அய்யா, இந்தப் புளியமரம் எங்க தாத்தா வச்சதுங்க" என்கிறார் ஒருவர். "மரம் எங்க பக்கம்தானே நிக்குது" என்கிறார் பங்காளி. புலப்படத்தை விரித்து, தெரிந்த கல்லிலிருந்து சங்கிலி போட்டு, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப் நிறுத்தி, கணக்குக் காட்டிய இடத்தில் கடப்பாரையை இறக்கினால் முழ ஆழத்தில் 'ணங்' என்று கல் பேசும். பங்காளிகள் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்காகவே இந்த உத்தியோகத்தில் இருந்தேன் என்று சொல்லலாம்.

கும்பெனிக்கு வெகு முன்னால் இங்கே நிலக்கணக்கு கல்லிலும் இருந்தது. தகடூர் என்ற பழைய பெயரில் நொளம்பர்கள் ஆண்டபோது, 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கிருந்த சமணப்பள்ளிக்குக் கிராமம் விட்ட செய்தியைச் சொல்கிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனின் குடும்பத்துக்கு நெத்தோர்பட்டி என்று நிலம் கொடுத்து, அதை நடுகல்லிலேயே வெட்டி வைத்தார்கள். உயிருக்கு ஈடாகக் கொடுத்த பட்டா அது. அந்த நடுகற்களை ஊரில் உள்ள அரசு அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம்.

ஊர் இப்போதும் நிலத்தை நம்பித்தான் பிழைக்கிறது. புளி, மாங்காய், பாலக்கோட்டுத் தக்காளி, பட்டுக்கூடு எல்லாம் வந்து போகும் சந்தை ஊர். மத்தியானச் சாப்பாட்டுக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும் தேடினால் கிடைக்கும்.

ஒகேனக்கல் அருவி எங்கும் போய்விடாது. அரை நாள் இங்கே இறங்குங்கள். வெயில் ஏறுமுன் கோட்டைக் கோயிலுக்குப் போய், தரையில் முழுதாகப் படியாத அந்தத் தொங்கும் தூணின் அடியில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். பிறகு அகழ்வைப்பகம். நேரம் இருந்தால் பக்கத்திலேயே அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீடு திரும்பியதும் பெட்டியில் கிடக்கும் பழைய பட்டாவை எடுத்து, கரையான் ஏறாமல் பத்திரப்படுத்துங்கள். கம்ப்யூட்டரில் சிட்டா வந்துவிட்டது என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.