பஞ்சமி நிலம்: நிபந்தனையை எழுதிய கையும் அழித்த கையும்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களே, ஒரு மாலை புத்தகத்தை மூடிவிட்டு வாலாஜா சாலையில் கிழக்கே நடந்து பாருங்கள். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் காமராசர் சாலை. அங்கே எழிலகம். பக்கத்திலேயே பழைய சேப்பாக்கம் மாளிகை. ஆற்காடு நவாபின் அரண்மனையாக இருந்து, பிறகு பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போன கட்டடம். சென்னை மாகாணத்தின் வருவாய் வாரியம் அங்கேதான் இயங்கியது. 1980-இல் வாரியம் கலைக்கப்பட்டது. நில நிர்வாக ஆணையரகம் இன்றும் எழிலக வளாகத்தில்தான் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிகளின் நிலத்தைப் பற்றிய விதிகள் இந்த வளாகத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டன. அவை காகிதத்திலேயே தூங்கிப்போனதும் இங்கேதான். பஞ்சமி நிலம் என்ற சொல்லை உங்களில் பலர் 2019-இல் வந்த ‘அசுரன்’ படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பீர்கள். படம் முடிந்ததும் எழுந்த கேள்வி சரியானது: சட்டப்படி விற்கவே முடியாத நிலம் எப்படிக் கைமாறியது?

இதற்கு விடை தேட 1891-க்குப் போக வேண்டும். அப்போது செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரித்து எறியலாம். கூலி உயர்த்திக் கேட்டால் மனையைக் காட்டி மிரட்டலாம். ஊரில் தரிசு நிலம் கிடந்தாலும் அதைக் கேட்டு மனு போடும் தரகாஸ்து முறையில் மிராசுதாருக்கே முன்னுரிமை இருந்தது. சேரிக்காரர் மனு போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து “எனக்கு வேண்டும்” என்பார். நிலம் அவருக்குப் போகும், அல்லது யாருக்கும் போகாமல் தரிசாகவே கிடக்கும். உழைக்கும் கைகள் நிலமில்லாமல் இருந்தால்தானே பண்ணைக்கு ஆள் கிடைக்கும்?

இந்த அறிக்கையை ஒட்டி 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணைகள் 1010, 1010ஏ பிறந்தன. இதை வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் கருணைக் கதையாகச் சுருக்கிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியிருந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைச் சென்னையில் தொடங்கினார். நம் மக்கள் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். அந்த அழுத்தம் இல்லாமல் அரசாணை நகர்ந்திருக்காது.

நிலம் கொடுத்தால் மட்டும் போதாது, அது கையில் நிற்க வேண்டும். ஒரு பஞ்சம் வந்தால், ஒரு கல்யாணக் கடன் வந்தால், அரைப்படி நெல்லுக்கு நிலம் எழுதி வாங்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் இந்தப் பட்டாக்களோடு நிபந்தனை சேர்ந்தது. வருவாய் வாரியத்தின் நிலையாணை 15-இல் இடம்பெற்ற அந்த நிபந்தனைகளின் சாரம் இதுதான். பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அரசு நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘டி.சி. நிலம்’ என்று பதிவேடுகளில் குறிக்கப்பட்டது இதுதான்.

சட்டம் படிக்கும் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 10-இல், சொத்தை விற்கவே கூடாது என்று முழுமையாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறதே? உண்மை. ஆனால் அரசு தரும் நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1895-இல் தனிச் சட்டம் வந்தது. அரசு எந்த நிபந்தனையோடு கொடுக்கிறதோ, அந்த நிபந்தனைப்படியே அந்த நிலம் நிற்கும். ஆகவே “காசு கொடுத்துதானே வாங்கினேன்” என்று வாங்கியவர் சொல்வது பதிலாகாது. விற்றவருக்கே விற்கும் உரிமை இல்லாதபோது, வாங்கியவருக்கு எது கிடைத்திருக்கும்?

சரி, எப்படிப் போனது? களப்பணியில் ஒரு கிராமத்தில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். தகரப் பெட்டியிலிருந்து மடிப்பு கிழிந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். “பட்டா எங்க மாமனார் பேர்ல இருக்கு. நிலத்துலதான் நாங்க இல்ல” என்றார். மாமனார் அதை விற்கவில்லை. கைநீட்டிக் கடன் வாங்கினார், கொடுத்தவர் உழ ஆரம்பித்தார். எந்தப் பத்திரமும் பதிவாகவில்லை. அந்த அம்மா அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டிருக்கிறார்.

முதல் திருட்டு இப்படி நிலத்தில் நடந்தது. இரண்டாவது திருட்டு காகிதத்தில் நடந்தது. 1979-இல் யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயர் பல இடங்களில் பட்டாவில் ஏறியது. பழைய பதிவேட்டில் இருந்த ‘டி.சி.’ குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. நிபந்தனையை யாரும் ரத்து செய்யவில்லை. அதற்கு அரசாணை இல்லை, சட்டத் திருத்தம் இல்லை. நகல் எடுக்கும்போது ஒரு வரி விடுபட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது சாதாரணப் பட்டா நிலம்.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். ஆந்திரம் 1977-இல், ஒப்படைக்கப்பட்ட நிலங்களை மாற்றுவதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 1978-இல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தரப்பட்ட நிலங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1996-இல் பாப்பையா வழக்கில், நலிந்த பிரிவினருக்குப் பொருளாதார நீதி வழங்க அரசு கொடுத்த நிலத்தை வேறொருவருக்கு விற்றது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பிறகு, நிலத்தை மீட்கும் மனுவை நியாயமான காலத்துக்குள் போட வேண்டும் என்று தீர்ப்புகள் வந்து மீட்பை இறுக்கின. உடனே கர்நாடகம் 2023-இல், காலவரம்பு கிடையாது என்று சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு அப்படியொரு தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. நாம் இன்னும் நிலையாணையைத்தான் கையில் பிடித்திருக்கிறோம்.

“இத்தனை பழைய நிபந்தனையை இப்போது எப்படி அமல்படுத்துவது?” என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்குத் தரப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். அரசு நினைத்தபோது 1970-லிருந்து வாடகை பாக்கியைக் கணக்குப் போட்டது. 730 கோடி ரூபாய் என்று நீதிமன்றம் வரை சென்று நிறுவியது. 2024-இல் வாசலுக்குச் சீல் வைத்தது. அரசுக்கு மனமிருந்தால் ஐம்பது ஆண்டுக் கணக்கையும் எடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே வருவாய்த் துறை, அதே பதிவேட்டு அலமாரிகள். பஞ்சமி நிலத்துக்கு மட்டும் ஆவணம் கிடைப்பதில்லை.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம். நூறு ஆண்டுகளில் அறிக்கை தோட்டாவாகத் திரும்பி வந்தது.

மேடையில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். அந்த எண்ணை முழங்குவதோடு நின்றால் ஓர் ஏக்கரும் வராது. நிலம் சர்வே எண்ணில்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டைக் கேளுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சர்வே எண்ணாக ஒப்பிடுங்கள். முன்னதில் இருந்து பின்னதில் காணாமல் போன குறிப்புதான் உங்கள் சான்று. வில்லங்கச் சான்றும் எடுங்கள். ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். நிலத்தை அபகரித்ததற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களிடம் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், இப்போதே. அவர்கள் போனபின் அந்தக் காகிதம் என்னவென்று சொல்ல ஆளிருக்காது.

அந்த ஒரு வரி குமாஸ்தா நகல் எடுக்கும்போது விடுபட்டது. அதைத் திரும்ப எழுதவைக்க, பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். வருவாய்த் துறை வேலைக்காகத்தானே உங்களில் பலர் படிக்கிறீர்கள்? நாளை அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும்போது, இந்தப் பக்கம் தகரப் பெட்டியோடு நிற்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.