வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழக இதழியல் கல்வி

பல்துறைக் கலைக் கல்வியை அடித்தளமாகக் கொண்ட இப்பல்கலைக்கழகம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லெக்சிங்டன் நகரில் உள்ளது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் படைக்குத் தலைமை வகித்துத் தோற்ற ராபர்ட் இ. லீ, 1865 முதல் 1870இல் இறக்கும்வரை இதன் தலைவராக இருந்தார். அன்றைய பெயர் வாஷிங்டன் கல்லூரி. இதழாளராக விரும்பும் இளைஞருக்கு உதவித்தொகை தந்து, கல்லூரிப் பாடங்களோடு அச்சுத்தொழிலும் கற்பிக்கும் திட்டத்தை 1869இல் அவர் முன்வைத்தார். செய்தித்தொழிலை அச்சுக்கூடத்திலேயே கற்றுக்கொண்ட அக்காலத்தில் இது துணிந்த எண்ணமே. திட்டம் நிலைக்கவில்லை; 1925இல்தான் இதழியல் கல்வி உறுதியாக வேரூன்றியது. இன்று செய்தி எழுத்து, ஊடக அறநெறி ஆகியவற்றுடன் வரலாறு, அறிவியல், அயல்மொழியும் மாணவர் பயில்கின்றனர். நகராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாத செய்தியாளரால் வாசகருக்குப் பயனில்லை. ஆகவே இந்த இணைப்பே இக்கல்வியின் உயிர். புனைகதை உத்திகளால் செய்தி எழுதும் ‘புதிய இதழியல்’ பாணியின் எழுத்தாளர் டாம் உல்ஃப் 1951இல் இங்கே பட்டம் பெற்றார். ஆனால் அவர் எடுத்த முதன்மைப் பாடம் இதழியல் அல்ல, ஆங்கிலம்.