வலையமைப்பும் நேர அதிகாரமும்: மதராஸ் நேரம் முதல் கணினிக் கடிகாரம் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்திய நகரங்கள் தத்தம் உள்ளூர் நேரத்தையே பின்பற்றின. மதராஸில் நண்பகல் 12 மணியாகும்போது பம்பாயில் ஏறத்தாழ 11.30, கல்கத்தாவில் 12.30-ஐத் தாண்டியிருக்கும். ஊருக்குள் வாழ்ந்தோருக்கு இதனால் இடரேதுமில்லை. தந்தியும் இருப்புப்பாதையும் ஊர்களை இணைத்த பின்னரே இவ்வேறுபாடு சிக்கலாயிற்று. அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் அமைந்திருந்ததும், வானாய்வகம் இயங்கி வந்ததும் மதராஸ் நேரம் இருப்புப்பாதைகளின் பொது நேரமாக உதவின.

1906 சனவரி 1 அன்று, 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. கடிகாரத்தை 39 நிமிடம் முன்னகர்த்த வேண்டியிருந்த பம்பாயில் எதிர்ப்பு வலுத்தது. ஆலைத் தொழிலாளரும் அதில் பங்கேற்றனர். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் கைவிடவில்லை.

கணினி வலையமைப்பிலும் இதே சிக்கல் எழுந்தது. கணினியிலுள்ள குவார்ட்ஸ் படிகம் வெப்பநிலைக்கேற்ப வேகம் மாறுவதால், தனித்து விடப்பட்ட கடிகாரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் செல்லும். அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட வலையமைப்பு நேர நெறிமுறை இதற்குத் தீர்வு கண்டது. வினா புறப்பட்ட நேரம், சேவையகத்தை அடைந்த நேரம், விடை புறப்பட்ட நேரம், திரும்பி வந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு, கணினி தன் கடிகாரப் பிழையைக் கணக்கிடுகிறது. போகவும் வரவும் ஆகும் காலம் சமம் என்பது இக்கணக்கின் அனுமானம். சேவையகங்கள் படிநிலைகளாக அமைகின்றன. உச்சியில் அணுக்கடிகாரம் போன்ற மூலக் கடிகாரம் இருக்கிறது.

அந்த மூலம் எவருடையது என்னும் வினா 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணையில் மீண்டும் தோன்றியது. நிறுவனங்கள் தம் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களுடன், அல்லது அவற்றை மூலமாகக் கொண்டவற்றுடன், ஒத்திசைக்க வேண்டும் என்றது அவ்வாணை. பல நாடுகளில் இயங்கும் நிறுவனங்கள் வேறு துல்லியமான மூலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அது அவ்விரண்டிலிருந்தும் விலகக்கூடாது.

இணையத் தாக்குதலொன்றை ஆராய்வோருக்குப் பதிவேடுகளின் நேரக்குறிப்பே முதன்மைச் சான்று. கடிகாரங்கள் முரண்பட்டால் எது முன், எது பின் என்று நிறுவ இயலாது. அன்று இரயில் அட்டவணை வேண்டிய பொது நேரத்தை இன்று புலனாய்வு வேண்டுகிறது. பம்பாய் மக்கள் தம் கடிகாரம் மாற்றப்படுவதைக் கண்டு எதிர்த்தனர். கணினிக் கடிகாரமோ பயனர் அறியாமலே நாள்தோறும் திருத்தப்படுகிறது.