முகமில்லாத கொலைகாரன்

1984-இல் நான் எட்டாம் வகுப்பு. பூலாம்பாடி அப்போது திருச்சி மாவட்டம். பச்சைமலை அடிவாரத்தில் இருந்த எங்களுக்குப் பெரம்பலூரே பட்டணம். பஸ் நிற்கும் இடத்துப் பெட்டிக்கடையில் சணல் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். விற்காதவை வாடகைக்கு. நாளைக்குப் பத்து பைசா, அட்டையை மடக்கிவிட்டால் இன்னொரு பத்து.

அந்த ஜூலை மாதம் கயிற்றில் புதிதாக ஒன்று தொங்கியது. தினத்தந்தி குடும்பத்தின் ராணி காமிக்ஸ், முதல் இதழ், ‘அழகியைத் தேடி’. நாயகன் ஜேம்ஸ்பாண்ட் 007. அதே மாதம்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் புறப்பட்டது, ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு. சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1972-இலேயே முத்து காமிக்ஸ் தொடங்கி, இரும்புக்கை மாயாவியைத் தமிழ்நாட்டுப் பையன்களின் சொந்தக்காரனாக்கியவர்கள். எனக்கு லயன் கிடைத்தது பின்னால்தான். பாண்ட் முதலில் வந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு நாவல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வைத்தவர் சித்தப்பா. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் மலேசியாவில் என்பது கொஞ்சம் கூடுதலான பேச்சு, ஆனால் ரொம்பக் கூடுதல் இல்லை. அவர் பெட்டியைத் திறந்தபோது கைலி, கோடாலித் தைலம், அதற்கடியில் கப்பலிலோ விமானத்திலோ யாரோ படித்துவிட்டுப் போட்ட இயான் ஃப்ளெமிங்கின் ‘கேசினோ ராயல்’. “ஒங்க ஆளுதானடா இது?” என்றார். லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை முடிக்க எனக்கு இரண்டு கோடை விடுமுறை ஆயிற்று.

அந்த நாவல் 1953-இல் வந்தது. 1958 ஜூலையில் லண்டனின் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் அதைப் படத்தொடராக்கியது. இங்கும் ஜூலைதான், என்ன ராசியோ. தன் எழுத்தின் தரம் படத்தில் இறங்கிவிடுமோ என்று ஃப்ளெமிங்குக்கே முதலில் தயக்கம். வரைந்தவர் ஜான் மெக்லஸ்கி. பாண்டின் முகம் எப்படியிருக்க வேண்டும் என்று ஃப்ளெமிங் தனியாக ஓர் ஓவியம் தீட்ட வைத்து அனுப்பியும், அது பழங்காலத்து ஆள் மாதிரி இருக்கிறதென்று மெக்லஸ்கி தன் போக்கில் முரட்டு முகமாக வரைந்தார். 1962-இல் ஒரு சிறுகதையை ஃப்ளெமிங் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட, எக்ஸ்பிரஸ் முதலாளி பீவர்புரூக் கோபத்தில் ‘தண்டர்பால்’ தொடரைப் பாதியில் நிறுத்தினார். கதையை அவசர அவசரமாக மூட்டை கட்டினார்கள். பின்னால் யாரோஸ்லாவ் ஹோராக் வரைய, ஜிம் லாரன்ஸ் எழுத, நாவல்கள் தீர்ந்த பிறகும் புதுக் கதைகளோடு தொடர் ஓடியது.

நாளிதழ் தொடர் என்பதைக் கவனித்தால் ராணி காமிக்ஸில் எங்களுக்கு விளங்காமலிருந்த ஒரு சங்கதி விளங்கும். மூன்று கட்டத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவார்கள், அல்லது விளக்கு அணையும், அல்லது பாண்ட் “ஆ!” என்பார். அந்த மூன்று கட்டம் லண்டன்காரனுக்கு ஒரு நாள் பொழுது. மறுநாளும் அவன் பேப்பர் வாங்க வேண்டாமா? எங்கள் டீக்கடையில் 1960 முதல் தினத்தந்தியின் கன்னித்தீவு படத்தொடரைப் படித்து வந்த பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. நாங்கள்தான் முழுக்கதையையும் ஒரே மூச்சில் படித்து, ஏன் இப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று குழம்பினோம்.

லயனின் முதல் இதழ் நாயகி மாடஸ்டியின் பாதை நேர் எதிர். பீட்டர் ஓ’டானல் 1963-இல் அவளைப் படத்தொடராகவே பிறப்பித்தார், நாவல் 1965-இல்தான் வந்தது. ஆக, நாவலிலிருந்து படத்துக்கு வந்தவனும், படத்திலிருந்து நாவலுக்குப் போனவளும் ஒரே மாதத்தில் தமிழுக்குக் குடிவந்தார்கள்.

நாவலைப் படமாக்குவதில் எது சிக்கல் என்பதை எனக்குக் காட்டியது இரண்டுமில்லை, லயனில் வந்த ‘இரத்தப் படலம்’. நினைவிழந்த ஒருவன், தான் யாரென்று தேடும் கதை. 2010-இல் பதினெட்டு பாகங்களையும் ஒரே குண்டுப் புத்தகமாகப் போட்டார்கள். பிரெஞ்சு மூலத்தில் அதன் பெயரே ‘XIII’. ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984-இல் தொடங்கியது. பொறி, ராபர்ட் லட்லமின் 1980 நாவலான ‘தி பார்ன் ஐடென்டிட்டி’. லட்லமின் ஆளுக்கு அடையாளம் இடுப்புச் சதைக்குள் புதைத்த மைக்ரோஃபிலிம், அதில் ஒரு சுவிஸ் வங்கிக் கணக்கு எண். வான் ஹாம் அதைத் தூக்கிவிட்டு, காறையெலும்புப் பக்கம் XIII என்று பச்சை குத்திவிட்டார். சதைக்குள் இருப்பதை எழுதிவிடலாம். வரைகிறவனுக்குத் தோல்மேல் ஏதாவது வேண்டும். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றால் போதும், வாசகனுக்குத் திக்கென்றாகும்.

இது தெரியாமல்தான் ஒன்பதாம் வகுப்பில், வாடகைக்கு எடுத்த ஒரு கிரைம் நாவலை நான் கோடு போடாத நோட்டில் காமிக்ஸாக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘இருட்டில் ஓர் உருவம் நகர்ந்தது’ என்று எழுத்தாளர் ஒரு வரியில் தப்பித்துவிட்டார். நான் அந்த உருவத்துக்கு வேட்டியா பேன்ட்டா என்று முடிவு பண்ண வேண்டியிருந்தது. ‘கரகரத்த குரல்’ போனில் பேசியது. குரலை எப்படி வரைவது? பலூனின் விளிம்பை ரம்பப் பல் மாதிரி போட்டேன். கொலைகாரனை எப்போதும் முதுகுப்பக்கமாகவே வரைந்தேன்.

அரும்பாவூரில் மரச்சிற்ப வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “முகத்த மொதல்ல முடிச்சிராத தம்பி. நாங்களும் கண்ணக் கடைசியாத்தான் தொறப்போம்” என்றார். அவர் சொன்னது சாமி சிலைக்கு. நான் அதைக் கொலைகாரனுக்கு எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் அவனைத் திருப்பி, முழு முகத்தையும் காட்டினேன். மீசை, மரு, எல்லாம் சுத்தமாக. வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மொத்த நோட்டையும் படித்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யார்றா இவன்? முன்னாடி எங்கயும் வரவேயில்லையே?”

வந்திருந்தான், ஏழு இடத்தில், பணக்காரரின் நல்ல மேனேஜராக. ஒரே முகத்தை இரண்டு முறை வரைய எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். மெக்லஸ்கி அதை வருஷக்கணக்காகத் தினமும் செய்தார். நான் நோட்டை வாங்கி, ஏழு இடத்திலும் தலைக்கு மேல் அம்புக்குறி போட்டு ‘மேனேஜர்’ என்று எழுதிக் கொடுத்தேன். கடைசிப் படத்துக்கும் ஒன்று.