யதுகிரி என்னும் வாசகி

முத்தியால்பேட்டை என்றதும் இலக்கிய வாசகருக்கு நினைவுக்கு வருவது குயில் தோப்பு. கிருஷ்ணசாமிச் செட்டியாருக்குச் சொந்தமான அந்தத் தோப்பில் பாரதி தனித்திருந்ததும், அங்கே அவருக்குக் 'குயில் பாட்டு' தோன்றியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டுக் கருத்துச் சொன்னவர்கள் யார்?

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவருடைய நண்பர் மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அப்போது சிறுமி. பாரதி புதுப்பாட்டைப் பாடிக் காட்டுவார். யதுகிரி பொருள் கேட்பார். செல்லம்மாவும் தம் எண்ணத்தைச் சொல்வார். வீட்டுக்குள் நடந்த இந்தப் பேச்சுகளில் பல, 1954இல் வெளிவந்த யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' நூலால்தான் நமக்குக் கிடைத்தன.

அந்த நூலை நாம் எதற்காகப் புரட்டுகிறோம்? எந்தப் பாட்டு எந்தச் சூழலில் பிறந்தது என்று அறியத்தான். யதுகிரியைப் பாரதிக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டோம், வாசகியாக ஏற்கவில்லை. அச்சேறாத கவிதையைக் கேட்டு, புரியாததைத் துணிந்து கேட்பதும் விமர்சனம்தான். செல்லம்மா, தங்கம்மாள், சகுந்தலா ஆகியோர் எழுதியவற்றையும் இந்தக் கண்ணோடு மீண்டும் படித்தால், தமிழ்ப் பெண்களின் வாசிப்பு வரலாற்றுக்கு ஓர் அத்தியாயம் கூடும்.