ஸ்கேலர் புலமும் −1 என்னும் எல்லையும்: இருள் ஆற்றல் மாதிரிகள் பற்றி ஒரு மதிப்பீடு

அண்டத்தின் விரிவு வேகமெடுத்து வருகிறது என்பதை 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1ஏ வகை சூப்பர்நோவாக்களைக் கொண்டு காட்டின. இதற்குக் காரணமாகக் கருதப்படும் இருள் ஆற்றல், இன்றைய அண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு. அது ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலியா, காலத்தோடு மாறும் ஸ்கேலர் புலமா என்பதே கேள்வி. பரத் ரத்ராவும் ஜிம் பீபிள்ஸும், தனியாக கிறிஸ்டோஃப் வெட்டெரிக்கும், அத்தகைய புலத்தை 1988இலேயே முன்வைத்திருந்தனர். நிலையாற்றல் சரிவில் புலம் மெல்ல உருளும்வரை அதன் அழுத்தம் எதிர்க்குறியில் இருக்கும். விரிவு முடுக்கம் பெறும்.

இம்மாதிரிகளின் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டியவர் புனேயின் ஐயூகா வானியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய தாணு பத்மநாபன். விரிவு வரலாறு எதுவாயினும் அதற்கேற்ற நிலையாற்றல் சார்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம் என்று 2002இல் அவர் எழுதினார். சாதாரணப் புலத்துக்கும், டாக்கியான் எனப்படும் மற்றொரு வகை ஸ்கேலர் புலத்துக்கும் தனித்தனியே வழியும் தந்தார். ஆகவே ஒரு நிலையாற்றல் தரவோடு பொருந்துகிறது என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது. தேவையான சார்பை நாமே வடித்துக்கொள்ளும்போது பொருத்தம் வராமல் எங்கே போகும்?

ஆனால் இவ்விரு புலங்களும் மீற முடியாத எல்லை ஒன்று உண்டு. அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் −1க்குக் கீழே இறங்காது. தரவு இம்மாதிரிகளைத் தோற்கடிக்கக்கூடிய இடம் இதுதான்.

அரிசோனாவின் கிட் பீக்கில் இயங்கும் டெசி என்னும் நிறமாலைக் கருவி, 1.4 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் ஆராய்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகள் அந்த இடத்தையே தொடுகின்றன. அண்ட நுண்ணலைப் பின்னணி, சூப்பர்நோவாத் தரவுகளோடு சேர்த்தால், மாறும் இருள் ஆற்றலுக்கான சாய்வு 2.8 முதல் 4.2 சிக்மா வரை வருகிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பை எடுக்கிறோம் என்பதே அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. மிகப் பொருத்தமான கோட்டில் விகிதம் இன்று −1க்கு மேலும், முற்காலத்தில் கீழும் உள்ளது.

இதைக் கொண்டு எளிய ஸ்கேலர் புலம் வீழ்ந்தது என்பது அவசரம். விகிதம் நேர்கோட்டில் மாறுவதாகக் கொண்ட இரு அளவுருச் சூத்திரத்தின் முடிவு அது. விரிவின் இழுவையால் நெடுங்காலம் −1இல் உறைந்து, அண்மையில்தான் இளகத் தொடங்கிய புலத்தை எண்ணிப் பாருங்கள். அது எல்லையை ஒருபோதும் தாண்டுவதில்லை. ஆனால் அதன் விகிதத்தின் அண்மைக்கால ஏற்றத்தை ஒட்டி வரைந்த நேர்கோடு, பின்னோக்கி நீளும்போது −1க்குக் கீழே போய்விடும். எனவே நிலையாற்றலை முன்கூட்டியே நிர்ணயித்து, புலச் சமன்பாட்டையே தீர்த்து, அந்தத் தீர்வைத் தரவோடு நேரடியாக ஒப்பிட வேண்டும். அப்போதும் −1க்குக் கீழான விகிதத்தையே தரவு கேட்டால், சாதாரணப் புலத்தையும் டாக்கியானையும் கைவிட வேண்டியதுதான்.

இந்த வேலைக்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. டெசியின் முதல் தரவு வெளியீடு 2025 மார்ச் முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சமன்பாட்டைத் தீர்க்கச் சாதாரணக் கணினி போதும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு, அங்கே கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம். கிழக்கே ஜவ்வாது மலையில் அதன் காவலூர் ஆய்வகம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள், இளகும் புல மாதிரிகளைத் தம் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும்.