செத்தல் மிளகாயும் திறந்த வாயிலும்

வற்றாத ஆறொன்றுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கமக்காரர் கிணற்று நீரிறைத்தே செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கின்றனர். 1970 இல் பதவியேற்ற அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இப்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, செத்தல் மிளகாயின் விலை உயர்ந்தது. கமக்காரர் இல்லங்களில் வளம் பெருகிற்று. அக்காலத்திலேயே நகரத்து வறியோர் பாணுக்கு வரிசையில் நின்றமையும் மறக்கற்பாலதன்று.

1977 இல் ஆட்சி மாறியபின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலை வீழ்ச்சி வாங்குவோர்க்கு ஆறுதலாயிற்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் உரத்துக்கும் பொருள் செலவிட்ட கமக்காரர்க்கோ பேரிழப்பாயிற்று.

உலக வாணிகம் ஒருவர் வறுமையைத் தணிக்கும் வேளையிலேயே மற்றொருவர் வறுமையை வளர்க்கவுங் கூடும். ஆதலின், வாயிலைத் திறப்போர், அதனால் வாழ்விழப்போர் யாவர், அவர்க்கு மாற்றுத் தொழில் யாது என முன்னரே ஆராய்தல் கடனாகும்.